படிக்காத புத்தகங்களின் சொந்தக்காரன்

(சென்ற ஆண்டு நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில், 2009-ல் இயந்திரப் பொறியியல் முடித்த நம் சங்க உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, நீ ஒரு இருபது நிமிஷம் பேசணும். பசங்களுக்கு உபயோகமா இருக்கணும்" என்றார். நான் வேலை பார்ப்பது வால்வு தயாரிக்கும் ஒரு கம்பெனியில். வால்வைப் பற்றிப் பேசினால் முன்வரிசையில் இருப்பவர்களே எழுந்து காபி சாப்பிடப் போய்விடுவார்கள். வேலைவாய்ப்பைப் பற்றிப் பேச என்னைவிடப் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அதனால் யோசித்துப் பார்த்து, எனக்கு உண்மையிலேயே அனுபவம் உள்ள ஒரு துறையைத் தேர்ந்தெடுத்தேன். புத்தகம் வாங்கிப் படிக்காமல் வைத்திருப்பது. இதில் எனக்குப் பதினைந்து வருஷ அனுபவம்.

சிரிக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் அந்த பீரோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் போகிக்கு வீடு ஒழிக்கும்போது, ஒரு நோட்டைப் போட்டு எல்லாவற்றையும் எண்ணினேன். மொத்தம் 1,146 புத்தகங்கள். அதில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவை 389. மீதி 757. நான் வருஷத்துக்குப் படித்து முடிப்பது, மனசாட்சியோடு சொன்னால், 18 புத்தகம். ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பாடத்தில் வரிசைக் கோட்பாடு படித்திருப்பீர்கள். ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்துக் காட்டிய விதி ஒன்று அதில் வரும். எங்கள் பேராசிரியர் அதை ரேஷன் கடையை வைத்துச் சொன்னார். வரிசையில் 60 பேர், நிமிஷத்துக்கு 2 பேர் வெளியே வருகிறார்கள் என்றால், கடைசி ஆள் 30 நிமிஷம் நிற்க வேண்டும். அதே கணக்கை என் பீரோவுக்குப் போட்டேன். 757-ஐ 18-ஆல் வகுத்தால் 42. என் வரிசையில் கடைசியாக நிற்கும் புத்தகம் 42 வருஷம் காத்திருக்க வேண்டும். எனக்கு இப்போது 37 வயது. அதைப் பிரிக்கும்போது எனக்கு 79.

இது இன்றிலிருந்து ஒரு புத்தகம்கூட வாங்காவிட்டால். வாங்காமல் இருக்கிறேனா? வருஷத்துக்கு சராசரி 50 வாங்குகிறேன். பள்ளிக்கூடத்தில் தொட்டிக் கணக்கு போட்டிருக்கிறோமே, ஒரு குழாய் நிரப்பும், ஒரு குழாய் காலி செய்யும். நிரப்பும் குழாய் 50, காலி செய்யும் குழாய் 18. இந்தத் தொட்டி எப்போது காலியாகும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எப்போது வழியும் என்றுதான் கேட்பார்கள். என் வீட்டில் அதைக் கேட்பவர் என் மனைவி. "வாடகை நமக்குக் கட்டுறோமா, உங்க புத்தகத்துக்குக் கட்டுறோமா?" என்று ஒருநாள் கேட்டார். பீரோக்கள் அடைத்துக்கொண்டிருக்கும் சதுர அடியை அளந்து, மாசம் 360 ரூபாய் புத்தகங்களுக்கான வாடகை என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். இன்ஜினியரிடம் கேட்டது தப்பு என்று எழுந்து போய்விட்டார்.

நான் எப்போதும் இப்படி இருந்தவன் இல்லை. 2005-ல் இங்கே ஹாஸ்டலுக்கு வந்தபோது என் டிரங்குப் பெட்டியில் பாடப்புத்தகம் தவிர மூன்றே மூன்று புத்தகங்கள். நான்கு வருஷம் முடிந்து போகும்போது பதினொன்று. ஆனால் அந்த நான்கு வருஷத்தில் நான் படித்தது நூற்றைம்பதுக்குக் குறையாது. எப்படி? என் பேட்ச்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் விங்கில் ஒரு நாவல் சுற்றிவந்தது. அட்டை கிடையாது, முதல் ஆறு பக்கம் கிடையாது, கதாநாயகன் பெயரே பத்தாம் பக்கத்தில்தான் தெரியவரும். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பெயரும் ரூம் நம்பரும் எழுதியிருக்கும். நான் படித்தபோது என் பெயர் பதினான்காவது. அடுத்து நிற்பவன் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பான், "டேய், முடிச்சியா இல்லையா?" என்று. அந்தப் புத்தகம் யாருடையது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

அப்போது நேரம் இருந்தது, காசு இல்லை. வேலைக்குப் போனதும் காசு வந்தது, நேரம் போய்விட்டது. நம் எல்லோருக்கும் இதே கதைதான்.

2010 ஜனவரியில், சம்பளம் வாங்க ஆரம்பித்தபின் வந்த முதல் சென்னைப் புத்தகக் காட்சி. 1977-லிருந்து நடக்கிற காட்சி அது. அந்த வருஷம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில், செயின்ட் ஜார்ஜ் பள்ளி மைதானத்தில். பத்து சதவீதக் கழிவு. இரண்டு கையிலும் பை அறுந்துவிழுகிற அளவுக்கு வாங்கினேன். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன். ஆனால் பிற்பாடு ஒன்று புரிந்தது. புத்தகம் வாங்கும்போது நாம் மனசில் வாங்குவது, அதைச் சாய்ந்து உட்கார்ந்து படிக்கப் போகிற ஒரு ஓய்வான ஞாயிற்றுக்கிழமையை. கடைக்காரர் புத்தகத்தை மட்டும்தான் பையில் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் ஸ்டாக் இல்லை.

இதுவரை சொன்னது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இனிமேல் சொல்லப் போவதை நான் இதுவரை வெளியில் சொன்னதில்லை.

கல்யாணமான புதிதில் முடிச்சூரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர். மனைவி காலமாகிவிட்டார், மகள் வெளியூரில். தனியாக இருந்தார். காலையில் ஹிந்து பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டு, சாயங்காலம் நான் வரும்போது அதில் ஒரு செய்தியைப் பற்றிப் பேசுவார். ஒருநாள் வீட்டுக்குள் வந்தவர் என் பீரோவைப் பார்த்து நின்றுவிட்டார். கண்ணாடி வழியாக ஒவ்வொரு முதுகாகப் படித்துக்கொண்டு போனார். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இருந்த இடத்தில் விரல் நின்றது.

"தம்பி, இதை ஒரு வாரம் தர்றீங்களா? எனக்கு முதல் போஸ்டிங் கும்பகோணம். அந்த ஊரைப் பத்தி இதுல நிறைய வரும்பாங்க. ரொம்ப நாளா படிக்கணும்னு இருக்கேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நானே இன்னும் படிக்கலை சார். இந்த வாரம் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். முடிச்சிட்டுக் கண்டிப்பா தர்றேன்."

பொய் இல்லை. உண்மையிலேயே ஆரம்பிக்கலாம் என்றுதான் இருந்தேன். வாங்கி நான்கு வருஷமாக அப்படித்தான் இருந்தேன். இரவல் போன புத்தகம் வீடு திரும்பாது என்கிற பயமும் உள்ளுக்குள் இருந்தது. இது நடந்தது 2014-ல். 2015 தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்க மாடிக்குப் போனபோது, "ஆரம்பிச்சீங்களா தம்பி?" என்று கேட்டார். "இதோ சார்" என்றேன்.

டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி அடையாற்று வெள்ளம் வந்தது. எங்கள் பகுதி பட்ட பாட்டை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வாசல்படி ஏறி, அரை மணி நேரத்தில் இடுப்பளவு. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். போஸ்ட்மாஸ்டர் சார்தான் கதவைத் திறந்தார். மூன்று நாள் அவர் வீட்டில்தான் இருந்தோம். அவர் வீட்டு அரிசி, அவர் வீட்டு கெரசின் ஸ்டவ், அவர் வீட்டுப் போர்வை. கீழே என் பீரோ தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது.

தண்ணீர் வடிந்ததும் எண்ணினேன். கீழ் மூன்று தட்டுகளில் இருந்த 212 புத்தகங்கள் நாசம். வழவழப்பான தாள் புத்தகங்கள் செங்கல் மாதிரி ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன. சாதாரணத் தாள் உப்பிப்போய் பீரோக் கதவைத் திறக்க முடியவில்லை. இரண்டே நாளில் கரும்பூஞ்சை. நனைந்த புத்தகத்தை உடனே உறைய வைத்தால் பூஞ்சை பரவாது, பிறகு மெதுவாக உலர்த்திக்கொள்ளலாம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கரண்டே இல்லாத வீட்டில் எந்த ஃப்ரிட்ஜில் உறைய வைப்பது? மொட்டை மாடியில் பரப்பினோம். அவரும் வந்து உட்கார்ந்து, பக்கத்துக்குப் பக்கம் பேப்பர் வைத்துக்கொடுத்தார். அப்போது அவர் கைக்கு அந்தப் புத்தகம் வந்தது. பக்கங்களைப் பிரித்துப் பார்த்தார். பிரிய வந்தவை கிழிந்தன. என்னைப் பார்த்து, "விடுங்க தம்பி, பேப்பர்தானே" என்றார்.

அவர் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அடுத்த வருஷம் புதுப் பிரதி ஒன்று வாங்கி முதல் வேலையாக அவரிடம் கொண்டுபோனேன். அதற்குள் அவருக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் செய்தும் சின்ன எழுத்து ஓடவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "நீங்க படிங்க தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். 2017-ல் காலமானார். ஒரு வாரம் இரவல் கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் அது சும்மாவே இருந்தது. எனக்கும் பயன்படவில்லை, அவருக்கும் இல்லை.

அவர் போன பிறகுதான் நான் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். ஐயர் 1940-லிருந்து ஆனந்த விகடனில் தொடராக எழுதியது. 1942-ல் அவர் மறைந்தபோது பாதியில் நின்றது. அதில் ஒரு கட்டம் வருகிறது. 1880. ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் அந்த ஊருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வருகிறார். ஐயர் அவரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் தாம் படித்த அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று பெரிய பட்டியலை அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் அதைப் பார்த்ததுகூட இல்லை. முதலியாரிடம் அந்த நூலின் கையெழுத்துப் பிரதி ஒன்று இருந்தது. அவர் என்ன செய்தார்? என்னைப் போல, "நானே இன்னும் படிக்கலை, முடிச்சிட்டுத் தர்றேன்" என்று சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டார். ஏழு வருஷம் கழித்து, 1887-ல், சிந்தாமணி அச்சில் வந்தது. அதன் பின்னால் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று ஒவ்வொன்றாக ஐயர் பதிப்பித்தது நாம் எல்லோரும் அறிந்ததுதான்.

அந்தப் பிரதி முதலியார் வீட்டுப் பெட்டியிலேயே இருந்திருந்தாலும் அவர் நல்ல புத்தகம் வைத்திருந்தவர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். கைமாறியதால் ஒரு மொழிக்கே லாபம். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மாடி ஞாபகம்தான்.

கணக்கு வாத்தியாராக இருந்து நூலகத் துறைக்குப் போனவர் எஸ்.ஆர்.ரங்கநாதன், நம்ம சீர்காழிக்காரர். மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் என்று எழுதினார். இன்றைக்கு உலகம் முழுவதும் நூலகப் படிப்பில் அதுதான் பாலபாடம். ஐந்தையும் சொல்லி உங்களைப் பரீட்சைக்குத் தயார் செய்யப் போவதில்லை. சாரம் இவ்வளவுதான்: புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்காக, படிக்கிற ஒவ்வொருவருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார், அவரிடம் அது போய்ச் சேர வேண்டும். பழைய காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்திருந்தார்கள் என்று அவர் எழுதுகிறார். என் பீரோவில் சங்கிலி இல்லை. பூட்டு இருந்தது, சாவி என் பாக்கெட்டில் இருந்தது.

அப்படியானால் புத்தகமே சேர்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் இங்கேயே, பஸ் ஏறினால் பதினைந்து நிமிஷத்தில் இருக்கிறது. கோட்டையூர். நம் கல்லூரி தோன்றக் காரணமான வள்ளல் அழகப்பர் 1909-ல் பிறந்த ஊர் என்று நமக்குத் தெரியும். அதே ஊர்க்காரர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பிழைக்கச் சென்னைக்குப் போனவர், மூர் மார்க்கெட்டுப் பழைய புத்தகக் கடைகளில் வாங்க ஆரம்பித்தார். ஊருக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எடைக்குப் போடுகிற எல்லாவற்றையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபோது சுமார் 50,000 புத்தகங்கள். மற்றவற்றையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு லட்சம். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல், சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைய வழி செய்தது. 1996-லிருந்து அது வாசகர்களுக்குத் திறந்திருக்கிறது.

ஒரு லட்சத்தையும் முத்தையா படித்திருப்பாரா? வயசு போதாது. என் 42 வருஷக் கணக்கை அவருக்குப் போட்டால் ஐயாயிரம் வருஷத்துக்கு மேல் வரும்! ஆனால் அவரைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் கோட்டையூருக்கு வந்தார்கள். கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். சேர்த்தவர் ஒருவர், படித்தவர் பலர். நான் நான்கு வருஷம் இந்த ஊரில் இருந்தேன், இப்படி ஒருவர் பக்கத்தில் வாழ்ந்தார் என்பதே தெரியாமல் டிகிரி வாங்கிக்கொண்டு போனேன். தம்பி தங்கைகளாவது தெரிந்துகொள்ளுங்கள்.

இனி என் தொழில் பாஷையில் ஒரு விஷயம் சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இரண்டு வகைச் சரக்கு தூசி படிந்து கிடக்கும். ஒன்று, வாங்கி வருஷக்கணக்கில் யாரும் தொடாதது. 'நான் மூவிங்' என்று சிவப்புச் சீட்டு ஒட்டுவோம். ஆடிட்டர் வந்தால் அதைத்தான் முதலில் பிடிப்பார். இன்னொன்று 'இன்சூரன்ஸ் ஸ்பேர்'. முக்கியமான மெஷினுக்கு மாற்று ஷாஃப்ட் ஒன்று ஆறு வருஷம் சும்மாவே கிடக்கும். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு மெஷின் உடையும்போது அந்த ஒன்றுதான் மானத்தைக் காப்பாற்றும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன்தான் ஸ்டோர்ஸ் மேனேஜர்.

புத்தகத்திலும் அப்படித்தான். படிக்காத புத்தகம் எல்லாமே குற்றம் இல்லை. அகராதியை யாரும் முதலிலிருந்து படிப்பதில்லை. அப்பா போனபோது எனக்குக் கைகொடுத்த ஒரு புத்தகம், வாங்கி ஏழு வருஷம் பிரிக்காமல் இருந்ததுதான். அதெல்லாம் இன்சூரன்ஸ் ஸ்பேர். பிரச்சினை சிவப்புச் சீட்டுச் சரக்கில்.

இந்தப் போகிக்கு எண்ணி முடித்ததும், படிக்காத 757-ஐயும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து மூன்று கேள்வி கேட்டேன். ஒன்று: இன்றைக்கு இது கடையில் இருந்தால் வாங்குவேனா? இரண்டு: நான் கொடுத்துவிட்ட பிறகு தேவைப்பட்டால் வேறு எங்காவது கிடைக்குமா? இந்தியாவில் வெளியாகிற புத்தகங்களில் ஒரு பிரதி, 1954-ஆம் வருஷச் சட்டப்படி, கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-லிருந்து இருக்கிறது, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-லிருந்து. அச்சில் இல்லாத எத்தனையோ பழைய நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். தமிழ்நாட்டில் புத்தகத்தைக் காப்பாற்றுகிற பாரம் முழுவதும் என் தலையில் இல்லை என்று புரிந்தபோது பாதிச் சுமை இறங்கியது. மூன்றாவது கேள்விதான் முக்கியம்: இதை நாளைக்கே படிக்கக்கூடிய ஆள் ஒருவரை எனக்குத் தெரியுமா?

மூன்றாவது கேள்விக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தால், அதற்கு மேல் யோசிப்பதில்லை. அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். "நான் இன்னும் படிக்கலையே" என்பது இப்போது என் வீட்டில் செல்லாது. இப்படி இதுவரை 231 புத்தகங்கள் போயிருக்கின்றன. இயந்திர வரைபடம் பற்றிய ஒன்று எங்கள் ஷாப் ஃப்ளோரில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்த பையனுக்கு. விவசாயம் பற்றியவை ஊரில் சித்தப்பாவுக்கு. சித்தப்பா ஒரு புத்தகத்தை மூன்றே நாளில் முடித்துவிட்டு, ஆசிரியர் எழுதியதில் நான்கு தப்பு என்று போன் செய்தார். அந்தப் புத்தகம் என்னிடம் ஒன்பது வருஷம் இருந்தது, எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை!

கொடுத்ததில் சில திரும்பி வரவில்லை. வருத்தம் உண்டு, மறைக்கமாட்டேன். இரண்டு புத்தகங்களைக் கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் மறுபடி வாங்கினேன். இந்த ஜனவரி புத்தகக் காட்சிக்கும் போனேன். 50-க்குப் பதில் 14. வியாதி முழுவதும் குணமாகிவிட்டது என்று சொல்லவில்லை, மருந்து வேலை செய்கிறது என்கிறேன்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு பீரோ இல்லை, அதனால் இந்தக் கதை நமக்கில்லை என்று நினைக்காதீர்கள். உங்கள் பீரோ உங்கள் கையிலேயே இருக்கிறது. போனில் எத்தனை பி.டி.எஃப். டவுன்லோடு செய்து வைத்திருக்கிறீர்கள்? "அப்புறம் பார்க்கலாம்" என்று எத்தனை வீடியோ பாடம்? பாதியில் நிற்கிற ஆன்லைன் கோர்ஸ் எத்தனை? இறக்கி வைத்ததையே படித்து முடித்ததாக நினைத்துக்கொள்கிற வியாதி எனக்கு வந்ததைவிட உங்களுக்குச் சீக்கிரம் வரும். என் பீரோ நிறைந்தால் மனைவியாவது கேட்பார். உங்கள் போன் நிறைந்தால் கேட்க ஆள் இல்லை. இன்னொன்று. இந்த நான்கு வருஷத்தில் உங்களிடம் இருப்பது, எனக்குச் சம்பளத்தில் வாங்க முடியாத சரக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் உங்களுக்கு இருக்கிற நேரம். ஹாஸ்டலில் படித்ததுதான் எனக்கு இன்றுவரை முதல். அதற்கு மேல் வட்டிதான் வந்துகொண்டிருக்கிறது, முதல் ஏறவில்லை.

முடித்துவிடுகிறேன், செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

வாசலில் என் பெயர் எழுதிய இரண்டு அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. 64 புத்தகங்கள். சில நான் படித்தவை, பல படிக்காதவை. ஹாஸ்டல் வராந்தாவில் ஒரு திறந்த அலமாரி போட வார்டன் அவர்கள் அனுமதி கொடுத்திருக்கிறார். பூட்டு கிடையாது, ரிஜிஸ்டர் கிடையாது, அபராதம் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனைதான். படித்து முடித்தவர் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பெயரும் ரூம் நம்பரும் எழுதிவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். எங்கள் காலத்து முறைதான்.

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷம் வரும்போது ஆளுக்கு இரண்டு புத்தகம் கொண்டுவாருங்கள். பழைய நுழைவுத் தேர்வு கைடு, போன வருஷ டைரி எல்லாம் வேண்டாம்; அது கொடை இல்லை, குப்பையை இடம் மாற்றுவது. கொடுக்கக் கொஞ்சம் மனசு வலிக்கிற புத்தகமாகக் கொண்டுவாருங்கள்.

அந்த 64-இல் ஒன்று 'என் சரித்திரம்'. நான் 2016-ல் வாங்கிய பிரதி. அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயர் எழுதியிருக்கிறேன். இரண்டாவது என் பெயர். முதல் பெயர், அதைப் படிக்க ஆசைப்பட்டு, கையில் மட்டும் கொஞ்ச நேரம் வைத்திருந்த ஒரு போஸ்ட்மாஸ்டருடையது. மூன்றாவது பெயரை உங்களில் யாராவது எழுதுங்கள்.